ஏற்றுமதியாளரின் முகவரியில் ஆளில்லை: என் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் போய்விடுமா?

கேள்வி: தூத்துக்குடியில் சொந்த லைசென்ஸில் கஸ்டம்ஸ் புரோக்கராக (பிறருக்காகச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் தரகராக) தொழில் செய்கிறேன். ஒரு ஃபார்வர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவர்) மூலம் வந்த ஆயத்த ஆடை ஏற்றுமதியாளருக்கு 2023 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 11 ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) தாக்கல் செய்தோம். ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைக்கும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி) ரீஃபண்டும் அவர் வாங்கிவிட்டார். 2025 பிப்ரவரியில் ஜிஎஸ்டி அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அந்த முகவரியில் நிறுவனமே இல்லையாம். ஏப்ரல் 9 அன்று கிடைத்த விசாரணை அறிக்கையின் பேரில், ஜூன் 3 அன்று என் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ‘நேரில் போய்ச் சரிபார்க்கவில்லை’ என்பதுதான் குற்றச்சாட்டு. ஜூன் 14-இல் ஹியரிங். அந்த வேலையைப் பார்த்த ஜி கார்டு (சுங்க வேலை பார்க்க ஊழியருக்குத் தரும் அட்டை) பையன் இப்போது என்னிடம் இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் மேல் வந்திருப்பது 2018-ஆம் ஆண்டு சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகளின் விதி 10(என்). பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான குறியீட்டு எண்), ஜிஎஸ்டி எண், அடையாளம், அறிவித்த முகவரியில் அவர் இயங்குவது ஆகியவற்றை நம்பகமான, சார்பற்ற, உண்மையான ஆவணங்கள், தரவுகள் அல்லது தகவல்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதே அந்த விதி. ஆளே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. சுங்க மேல்முறையீடுகளைக் கேட்கும் டெல்லி தீர்ப்பாயம் 2022-இல் மௌலி வேர்ல்டுவைட் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் இதைத்தான் சொன்னது: அரசே கொடுத்த பதிவுச் சான்றில் முகவரி இருக்கும்போது, அந்தச் சான்றை நம்பிய தரகரைக் குற்றம் சொல்ல முடியாது. தரகர் ஒன்றும் பரிவர்த்தனையின் உண்மைத்தன்மையை எடைபோடும் இன்ஸ்பெக்டர் அல்ல என்று 2017-இல் குணால் டிராவல்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. துறைத் தரப்பு கே.எம். கணத்ரா வழக்கில் 2016-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கும். தரகர் மேல் சுங்கத் துறை வைக்கும் நம்பிக்கையைப் பற்றிக் கடுமையாகப் பேசும் தீர்ப்பு அது. தயாராகப் போங்கள்.

ஆனால் சட்டம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஃபைலும் பேச வேண்டும். முதல் ஷிப்பிங் பில் தேதிக்கு முன் எடுத்த காகிதம் எது, பின்னால் சேர்த்தது எது என்று இன்றே பிரித்து வையுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தட்டி எடுத்த பக்கம், டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ஐஇசி நிலை, பேன் நகல், வங்கிக் கணக்கு விவரம், அடையாள ஆவணங்கள், பார்ட்டி கையெழுத்திட்ட ஆதரைசேஷன் லெட்டர் (அவர் சார்பில் வேலை பார்க்க அனுமதிக் கடிதம்) ஆகியவை தேதியோடு வேண்டும். இதில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: சஸ்பென்ஷன் வந்த பிறகு அச்செடுத்த பக்கத்தை 2023-இல் எடுத்தது போல் ஃபைலில் செருகுவார்கள். பக்கத்தின் அடியில் அச்சான தேதியும் நேரமும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு உண்மையான காகிதத்தைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் பார்ட்டி ஜிஎஸ்டிஆர்-1, 3பி (ஜிஎஸ்டி கணக்குப் படிவங்கள்) தாக்கல் செய்திருந்தாரா என்பதைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ரத்தான தேதியை விட, ரத்து செய்யும் உத்தரவு எந்த நாளில் போடப்பட்டது என்பதே உங்களுக்கு முக்கியம். 2025-இல் உத்தரவு போட்டு, பதிவை ஆரம்ப நாளிலிருந்தே ரத்து என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2023-இல் நீங்கள் பார்த்தபோது திரையில் ‘ஆக்டிவ்’ என்றுதான் இருந்தது. 2025 பிப்ரவரியில் கதவு பூட்டியிருந்ததைக் கொண்டு 2023 நவம்பரில் அங்கே யாரும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதிகாரி சென்ற தேதி, பார்த்த முகவரி, அக்கம்பக்கத்தில் கேட்டாரா, கட்டட உரிமையாளரிடம் பேசினாரா என்பதெல்லாம் அந்த ஆய்வு அறிக்கையில் இருக்கும். அந்த நகலை எழுத்தில் கேளுங்கள்.

ஃபார்வர்டர் மூலம் பார்ட்டி வந்தது தானாகக் குற்றமாகாது. ஆதரைசேஷன் மட்டும் ஃபார்வர்டர் பெயரில் இல்லாமல், விதி 10(ஏ) கேட்பது போல ஏற்றுமதியாளர் பெயரில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் நிலை பலவீனம்தான், மறைக்காதீர்கள். ஜி கார்டு பையன் விஷயமும் அப்படித்தான். விதி 13(12)-இன்படி ஊழியரின் செயலுக்கு நீங்களே பொறுப்பு. ‘எனக்குத் தெரியாது, பையன்தான் பார்த்தான்’ என்பது எதிர்வாதம் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம். சுங்கச் சட்டத்தின் பிரிவு 108-இன் கீழ் அவன் ஏதும் வாக்குமூலம் கொடுத்திருந்தால் நகல் வாங்குங்கள். விசாரணையில் அவனைத் துறை சாட்சியாக விசாரித்தால் குறுக்கு விசாரணை செய்ய விதி 17(4) உரிமை தருகிறது. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

ஜூன் 14 அன்று சண்டை சஸ்பென்ஷனைப் பற்றி மட்டுமே. விதி 16 உடனடி நடவடிக்கை அவசியமான இடத்துக்குத்தான். ஏற்றுமதி முடிந்து ஒன்றரை ஆண்டு, அறிக்கை கிடைத்து 55 நாள் கழித்து உத்தரவு போட்டதில் என்ன அவசரம் என்று கேளுங்கள். அந்தப் பார்ட்டிக்கு இப்போது நீங்கள் வேலை செய்வதில்லை, பழைய புகார் ஏதும் இல்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹியரிங் முடிந்த 15 நாளுக்குள், அதாவது ஜூன் 29-க்குள், உத்தரவு வர வேண்டும். சஸ்பென்ஷனைத் தொடர்ந்தால் மூன்று மாதத்துக்குள் சென்னை ஹாடோஸ் சாலையிலுள்ள சுங்க, கலால், சேவை வரித் தீர்ப்பாயத்தில் அப்பீல் போகலாம்.

இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. லைசென்ஸை ரத்து செய்ய விதி 17-இன் கீழ் தனி நோட்டீஸ் வேண்டும். ஏப்ரல் 9-இல் வந்த அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள், உங்கள் கணக்கில் ஜூலை 8-க்குள் அது வர வேண்டும். அதற்கு 30 நாளில் பதில், நோட்டீஸ் தேதியிலிருந்து 90 நாளில் அந்த நோட்டீஸை விசாரிக்கும் அதிகாரியின் தனி அறிக்கை, அதன் மேல் உங்கள் மறுப்புக்குக் குறைந்தது 30 நாள், அந்த அறிக்கையைச் சமர்ப்பித்ததிலிருந்து 90 நாளில் இறுதி உத்தரவு. நோட்டீஸுக்கான 90 நாள் கட்டாயம் என்று பழைய விதிகளின் கீழ் 2014-இல் ஏ.எம். அகமது வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் மாற்றிச் சொன்னது. நீங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொரு கவரையும் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

கடைசி உத்தரவு ரத்தாகவே இருக்க வேண்டியதில்லை. விதி 18-இல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடும் முடிக்கலாம். அதை மாற்று வேண்டுகோளாகப் பதிலிலேயே எழுதுங்கள்.

இடைப்பட்ட நாளில் நண்பர் ஒருவரின் லைசென்ஸில் உங்கள் பார்ட்டிகளின் பில்லை ஓட்டும் யோசனை இருந்தால், வேண்டாம். லைசென்ஸ் யாருக்கும் கைமாற்றக் கூடியதல்ல. அது வெளிப்பட்டால் அவருடைய லைசென்ஸும் உங்களுடையதோடு சேர்ந்து போகும்.