பிரனேசி படம் வாங்குமுன் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: பழைய கட்டடக்கலை அச்சுப்படங்களைச் சேர்க்க ஆசை. ஒரு கடையில் ரோமின் பாந்தியன் கோயிலைக் காட்டும் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கீழே பிரனேசி என்று பெயர். “18-ஆம் நூற்றாண்டு, அசல்” என்று சொல்லி 2,400 வெள்ளி கேட்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது? செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டில் மாட்டினால் கெட்டுவிடுமா?

பதில்: ரோமின் கட்டடங்களைச் செப்புத் தகட்டில் வரைந்து அச்சிட்டு விற்ற இத்தாலியக் கலைஞர் ஜொவானி பத்தீஸ்தா பிரனேசி 1778-இல் இறந்துவிட்டார். ஆனால் அவருடைய செப்புத் தகடுகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. மகன் பிரான்செஸ்கோ அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோக, 1800-க்குப் பிறகு அங்கே அச்சடித்து விற்றார்கள். 1835 முதல் 1839 வரை ஃபிர்மான் திதோ நிறுவனம் மறுபடி அச்சிட்டது. பின்னர் போப்பாண்டவர் அரசின் அச்சகம் தகடுகளை வாங்கி ரோமுக்கே கொண்டு சேர்த்தது. அங்கே 20-ஆம் நூற்றாண்டு வரை பிரதிகள் வந்துகொண்டிருந்தன. இவை எல்லாமே அசல் தகட்டிலிருந்து எடுத்தவைதான். அதனால் கடைக்காரர் பொய் சொல்லாமலே உங்களிடம் இரண்டு மடங்கு விலை வாங்கிவிட முடியும். நீங்கள் கேட்க வேண்டியது, இது எந்தப் பதிப்பு என்பதைத்தான்.

கண்ணாடிக்கு வெளியே நின்று இதைச் சொல்ல முடியாது. சட்டத்தைக் கழற்றித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். 10 மடங்கு உருப்பெருக்கி, கைப்பேசி டார்ச், அளவுகோல், பணத்தாள் சோதிக்கும் சிறிய புற ஊதா விளக்கு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கையுறை வேண்டாம், அதில் தாளின் ஓரம் மாட்டிக் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும்.

முதலில் கோடுகள். பிரனேசி வேலை செய்தது எட்சிங் முறையில். மெழுகு பூசிய செப்பில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் இட்டுக் கோடுகளை அரிக்க வைப்பது அது. கருமை கூட வேண்டிய இடங்களை மட்டும் திறந்துவிட்டு மீண்டும் மீண்டும் அமிலத்தில் இட்டதால், அவர் கோடுகள் சில இடங்களில் மிக ஆழமாக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் எட்சிங் கோட்டின் முனை மொட்டையாக முடியும். உளியால் நேரடியாகச் செதுக்கும் என்கிரேவிங் கோடு கூர்ந்து மெலிந்து முடியும். இரண்டிலும் கோடு இடையறாத கறுப்பாக இருக்க வேண்டும். டார்ச்சைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடியுங்கள். அடர்ந்த நிழல் பகுதிகளில் மை தாளுக்கு மேல் எழும்பி நிற்பது தெரியும். கோடு சீரான புள்ளிகளாகப் பிரிந்தால் அது சாதாரண அச்சுப் பிரதி. புழு ஊர்ந்தாற்போல் நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால், ஒளிப்படத்திலிருந்து ஜெலட்டின் பூச்சில் எடுக்கும் கொலோடைப் பிரதி. ஏமாற வைப்பது, ஒளிப்படத்தைச் செப்பில் பதித்து அச்சிடும் ஃபோட்டோகிராவ்யூர்தான். அதிலும் தகடு உண்டு, தகட்டுத் தடம் உண்டு, மை எழும்பியும் நிற்கும். ஆனால் கோட்டுக்குள் ஒழுங்கற்ற மணல் போன்ற துகள்கள் தெரியும்.

அடுத்து தகட்டுத் தடம். ஈரத் தாளைத் தகட்டோடு சேர்த்து உருளைகளுக்கிடையே அழுத்துவதால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். அந்த விளிம்பில் துடைத்தும் போகாத மைக்கறை லேசாக இருப்பது நல்ல அறிகுறி. பிற்காலப் பிரதிகளில் வெறும் தகட்டை அழுத்திப் போலித் தடம் உண்டாக்குவதும் உண்டு. அது அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும். அளக்கும்போது தாளை அளக்காதீர்கள், தடத்தை அளங்கள். இந்தப் பாந்தியன் காட்சி ஏறத்தாழ 47 × 69 செ.மீ. ஈரத் தாள் உலரும்போது சுருங்குவதால் சில மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். பாதி அளவில் இருந்தால் அது பிரதி என்பதில் சந்தேகமே இல்லை.

பாந்தியனின் முகப்புக்கு மேல் இரண்டு மணிக்கோபுரங்கள் இருப்பதைக் காட்டி, “பாருங்கள், இவற்றை 1883-இலேயே இடித்துவிட்டார்கள், அவ்வளவு பழைய படம்” என்று சொல்வார்கள். இடித்தது உண்மை. ஆனால் நேற்று அச்சிட்ட பிரதியிலும் அந்தக் கோபுரங்கள் இருக்கும்.

பதிப்பைச் சொல்வது பெரும்பாலும் தாள்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிரனேசி காலத்து ரோமானியத் தாள் கையால் செய்த கனமான தாள். நெருக்கமான கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டியபடி ஏறத்தாழ 2.5 செ.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். வட்டத்துக்குள் லில்லிப்பூ வைத்த நீர்க்குறி பல பிரதிகளில் உண்டு. கோடே இல்லாத வழவழப்பான தடித்த தாள் என்றால் பிந்தைய ரோம் அச்சாக இருக்கலாம். அவற்றின் ஓரத்தில் அச்சகத்தின் மையில்லா அழுத்த முத்திரை இருக்கும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால், வெட்டியது எதற்காக என்று யோசியுங்கள். புற ஊதா விளக்கில் தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால், அது வெண்மையூட்டி கலந்த தாள், 1950-க்கு முந்தியதல்ல.

படத்தின் கீழுள்ள எழுத்துகளையும் விடாதீர்கள். இந்தப் பாந்தியன் படம் சேர்ந்த, பிரனேசியின் ரோம் காட்சிகள் வரிசையின் தொடக்ககாலத் தகடுகளில் பூஷார் என்ற புத்தக வியாபாரியின் பெயர் இருக்கும். 1761-இல் பிரனேசி பலாசோ தொமாத்திக்கு அச்சகத்தை மாற்றிய பிறகு, அந்த முகவரியும் “இரண்டரை பாவுலோ” (அக்கால ரோம் நாணயம்) என்ற விலையும் பல தகடுகளில் பொறிக்கப்பட்டன. பின்னாளில் சுரண்டி அழிக்கப்பட்டன. பாரிஸ் அச்சுகளில் பெரும்பாலும் மேல் மூலையில் ஓர் எண் சேர்ந்திருக்கும். தகடுவாரியாக இந்த மாற்றங்களை அச்சுப்பட ஆய்வாளர் ஹைண்ட் 1922-இல் பட்டியலிட்டார். அவர் கொடுத்த எண்ணைத்தான் வியாபாரிகள் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

தேய்மானத்தை வானத்தில் பாருங்கள். செப்பில் முதலில் தேய்வது மேகங்களின் மெல்லிய கோடுகள்தான். தேய்ந்த தகட்டுக்கு மையை வாரிப் பூசி முன்புறத்தைக் கருக்கிவிடுவார்கள், அதனால் “நல்ல கறுப்பு” என்பதை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் செங்குத்தாக ஒரு மடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். இவை தொகுதிகளாகக் கட்டப்பட்டவை, மடிப்பு இயல்பு. அட்டையில் முழுவதும் பசைபோட்டு ஒட்டியிருப்பதும், வண்ணம் தீட்டியிருப்பதும்தான் விலையை இறக்கும். பிரனேசி காட்சிகளில் காணும் வண்ணம் பெரும்பாலும் விற்பதற்காகப் பின்னால் சேர்த்தது.

பிந்தைய ரோம் அச்சு என்றால் 2,400 வெள்ளி கொடுக்காதீர்கள். அவர் வாழ்ந்த காலத்து அச்சு, ஓரம் முழுசாக, கிழிசல் இல்லாமல் என்றால் உட்கார்ந்து பேசலாம். பெயருக்குக் காசு கொடுக்க மனமில்லை என்றால் ஜுசெப்பே வாசி, லூயிஜி ரோஸ்ஸினி ஆகியோரைத் தேடுங்கள். ரோமைத்தான் அவர்களும் வரைந்தார்கள், விலையும் பொதுவாகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலையும் மாமல்லபுரத்தையும் காட்டும், ஆங்கில ஓவியர்களான தாமஸ், வில்லியம் டேனியல்களின் படங்கள் வேறு வகை. அவை அமிலத்தால் கோட்டுக்குப் பதில் சாயல்களை உண்டாக்கும் அக்வாடின்ட், வண்ணத்தோடுதான் விற்கப்பட்டன. அவற்றில் வண்ணத்தைக் குறையாகக் கொள்ளக் கூடாது.

இனி வீடு. தாளுக்கு ஏற்றது 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி. சிங்கப்பூரின் வெளிக்காற்று பெரும்பாலான நேரம் அதற்கு மேலேதான். இரவில் ஏர்கான் ஓடி, பகலில் அணைத்து ஜன்னலைத் திறந்துவைக்கும் படுக்கையறை, ஏர்கானே இல்லாத கூடத்தைவிட மோசம். ஈரம் ஏறி இறங்க, தாள் நெளிந்து கண்ணாடியில் ஒட்டும். வெளிச்சுவர், குளியலறைச் சுவர், வெயில் விழும் சுவர் மூன்றையும் தவிருங்கள். ஈரமானி ஒன்றை அருகில் வைத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

சட்டக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: அமிலமற்ற பருத்தி அட்டையில் மவுண்ட், புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக், அதற்கும் தாளுக்கும் இடைவெளி. படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்களால், கோதுமைப் பசை கொண்டு தொங்கவிட வேண்டும். செலோடேப், இரட்டைப் பக்க டேப், சூடேற்றி ஒட்டுவது எதுவும் கூடாது. சட்டத்தின் பின்னால் ரப்பர் குமிழ் வைத்து, சுவரிலிருந்து 1 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். பழுப்புப் புள்ளிகள் ஏற்கெனவே இருந்தால் வீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவாதீர்கள். அந்த இடம் வெளுத்துத் தாள் நொறுங்கும். அது தாள் பாதுகாப்பு நிபுணரின் வேலை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருள், அஞ்சல், காப்பீடு மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டும்போது இறக்குமதியின்போதே 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. அதற்குக் கீழ் என்றால், பதிவு செய்த விற்பனையாளர் விலையோடே அதை வாங்கிக்கொள்வார். சுருட்டிக் குழாயில் அனுப்பச் சொல்லாதீர்கள், நடு மடிப்பில் வெடிக்கும். இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வரட்டும். ரசீதில் கலைஞர், தலைப்பு, ஹைண்ட் எண், பதிப்பு, தாள், பழுது பார்த்த விவரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். “பழைய அச்சுப்படம்” என்று மட்டும் எழுதித் தந்தால், பின்னால் திருப்பிக் கொடுக்கப் போகும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.