வீடியோ பார்த்தார்கள், வேலை தெரியவில்லை

கேள்வி: வணக்கம் அக்கா. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பயிற்சியைக் கவனித்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் டெய்லர்களுக்கு டேப்லெட்டில் 50 நிமிட வீடியோ போட்டு, முடிந்ததும் 10 கேள்வி கேட்கிறோம். எல்லோரும் ஒன்பது, பத்து வாங்கிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து லைனில் பார்த்தால், ஊசி உடைந்தால்கூட என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். வீடியோவைப் புதிதாக எடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் பணம் மிச்சமாகட்டும். கேள்வி கேட்கும் நாளை மாற்றுங்கள்.

பார்த்த கையோடு கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரு தடவை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இரண்டு தடவை படித்ததுதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்த பாடமே நின்றது. உங்கள் பத்து கேள்வியும் அந்த ஐந்தாவது நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது.

ஊசி விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன், நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண்ணுக்கு ஓவர்லாக் தையல் மெஷினில் ஊசி உடைந்தது. பயந்துபோய், கைக்குக் கிடைத்த துண்டை மேசைக்கடியில் போட்டுவிட்டு வேறு ஊசி கேட்டாள். தைத்துக்கொண்டிருந்தது குழந்தைகள் துணி. பண்டல் முழுவதையும் நிறுத்தி ஒவ்வொரு பீஸாகத் தேடினோம். மெஷினை நிறுத்து, எல்லாத் துண்டையும் பொறுக்கு, சூப்பர்வைசரைக் கூப்பிடு, துண்டு குறைந்தால் அந்தத் துணிகளைத் தனியே வை என்று இரண்டு வாரம் முன்புதான் வகுப்பில் பிசகாமல் ஒப்பித்தவள் அவள். ஆனால் உடைந்த ஊசியைக் கையால் தொட்டதே இல்லை. தப்பு என்னுடையது. அதன் பிறகு உடைந்த ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு மெஷினுக்கே எடுத்துப் போவேன். துண்டுகளைச் சேர்த்து முழு ஊசியாக்கி, ரெஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டச் சொல்வேன்.

நீங்களும் வீடியோவை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, தினமும் ஒன்று காட்டுங்கள். அப்புறம் 3-ஆம் நாள், 10-ஆம் நாள், 30-ஆம் நாள் சூப்பர்வைசர் மெஷினுக்குப் போய், “செஞ்சு காட்டு” என்று ஒரே ஒரு வேலையைக் கேட்கட்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் பக்கத்து டேப்லெட்டைப் பார்த்து டிக் அடிக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அவர்கள் ஊர்க்காரர், லைனில் பழகிய ஒருவரை விட்டு அவர்கள் பாஷையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். செய்து காட்டுகிற நேரத்தை அன்றைய டார்கெட்டில் கழித்துக்கொள்ள புரொடக்‌ஷன் மேனேஜர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள்.