பதினோரு மாத அரசு வேலைக்கு மகளை அனுப்பலாமா? ஓர் அப்பாவின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் 15,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார். உங்கள் மாவட்ட நலவாழ்வு சங்கம் செவிலியர் பணிக்கு ஆள் எடுக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம், 18,000 ரூபாய் தொகுப்பூதியம். "அரசாங்க வேலைதானே, உள்ளே நுழைந்துவிட்டால் போகப் போக நிரந்தரம் பண்ணிவிடுவார்கள்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், மகள் தயங்குகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நேர்காணலுக்கும் நன்றாகத் தயாராகட்டும். ஆனால் சொந்தக்காரர்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம். நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் உடைந்துபோகிறார்கள். முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அந்தத் தேதிக்கு மறுநாள் என்ன செய்வது என்பதையும் யோசித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது நல்ல வேலை.

அந்த அறிவிப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ், இந்தப் பதவி முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்பட மாட்டாது, சேரும்போது சுய விருப்ப ஒப்புதல் கடிதம் தர வேண்டும் என்று இருக்கும். வார்த்தை கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் விஷயம் இதுதான். மற்ற பக்கங்களைப் படித்துவிட்டு இதை மட்டும் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். மகள் கையெழுத்துப் போடப்போவது இந்த வரிகளுக்குத்தான். அதனால் நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து இதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

நடந்ததையும் பார்ப்போம். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுக்கப்பட்டார்கள். பத்து வருடம் தாண்டியும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். கொரோனா நேரத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31உடன் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை. அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. ஆனால் உங்கள் மகள் தன் இருபதுகளை ஒரு கோரிக்கை நிறைவேறும் என்பதை நம்பி அடகு வைக்கக் கூடாது.

சட்டமும் இதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்தத்திலோ தற்காலிகமாகவோ சேர்ந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்காகத் தற்காலிகப் பெயரில் வாங்கிக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று கண்டித்து, மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் வேலை பார்த்த சிலரை நிரந்தரம் செய்யச் சொன்னது. ஆறுதலான தீர்ப்பு. ஆனால் அவர்கள் பல ஆண்டு உழைத்து, பல படி ஏறி வாங்கியது அது. இருபத்து நாலு வயதுப் பெண்ணின் திட்டத்துக்கு அதை அடிப்படையாக வைக்க முடியாது.

அப்புறம் ஏன் விண்ணப்பிக்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பணத்தில் இருந்து தொடங்குவோம். பதினோரு மாதத்துக்கு 18,000 வீதம் 1,98,000 ரூபாய். இப்போதைய வேலையிலேயே இருந்தால் அதே தொகைக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்று மாதம் ஆகும். அதாவது ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தாலும் நஷ்டம் இல்லை. மூன்று மாதம் சும்மா இருந்தால் 12,000 ரூபாய் கையைக் கடிக்கும். கூடுதலாக வரும் 3,000 ரூபாயை மாதாமாதம் தொடாமல் வைத்தால் முடிகிற நாளில் 33,000 ரூபாய் இருக்கும், அடுத்த வேலை தேடும் இரண்டு மாதத்தை அது தாங்கும். போக வர ஆகும் பஸ் செலவையும் இதில் சேர்த்துப் பாருங்கள். தூரத்து ஆரம்ப சுகாதார நிலையம் கிடைத்தால் கணக்கு மாறிவிடும். சங்கத்துப் பணி பொதுவாக மாவட்டத்துக்குள்தான், நிரந்தரப் பணியாளர் மாதிரி இடமாறுதல் கேட்பது நடக்காது.

பணத்தைவிட முக்கியமானது அவர் அங்கே கற்றுக்கொள்ளப் போவது. தனியார் வார்டில் ஊசி, டிரிப், சார்ட் என்று இருந்தவர், தடுப்பூசி நாள், கர்ப்பிணிப் பதிவு, மக்களைத் தேடி மருத்துவம் என்று ஒரு கிராமத்தின் சுகாதாரம் முழுவதையும் பார்ப்பார். நிரந்தரச் செவிலியர் பணிக்கு வழி எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. அதற்குப் படிக்கிறவருக்கு, பாடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது. எம்.ஆர்.பி.க்குப் படிக்கும் எண்ணமே இல்லை, தனியாரிலேயே ஐ.சி.யு. போன்ற சிறப்புப் பிரிவில் வளர வாய்ப்பு இருக்கிறது என்றால், இந்த ஒப்பந்த வேலையை விட்டுவிடலாம் என்பேன்.

விண்ணப்பத்துக்கு வருவோம். முதலில் பணி ஆணையில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று பாருங்கள். மாவட்ட நலவாழ்வு சங்கம் நேரடியாக எடுப்பது ஒரு வகை. அதற்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர், அறிவிப்பு மாவட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும். அவுட்சோர்சிங் ஏஜென்சி எடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது வேறு வகை. அங்கே முதலாளி ஏஜென்சிதான், அனுபவச் சான்றும் அவர்கள் பெயரில்தான் வரும். இரண்டையும் வெளியில் அரசு வேலை என்றுதான் சொல்வார்கள். இந்த மாதிரி வேலையை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் மாலைக்குள் விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தால், தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. பக்கத்தில்தானே அலுவலகம், நேரில் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, சாதிச் சான்று, ஆதார் எல்லோரும் வைப்பார்கள். விட்டுப்போவது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் குழுமத்தின் பதிவு. அது நடப்பில் இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டுமா என்று இன்றைக்கே பாருங்கள். பெயரின் இனிஷியல் ஒரு சான்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் விரிவாகவும் இருந்தால், கேட்டால் காட்ட ஒரு விளக்கம் தயாராக இருக்கட்டும். நகல்களில் மகளே சுயசான்றொப்பம் போட வேண்டும். அசல்களைக் காட்டலாம், எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வரக் கூடாது.

இனி நேர்காணல். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. எம்.ஆர்.பி. செவிலியர் தேர்விலும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான். ஒப்பந்தப் பணிகளில்தான் இன்னும் நேர்காணல் பெரிதாக நிற்கிறது. அதனால் அரசுத் தேர்வுக்கே படித்துப் பழகிய பிள்ளைகள் இங்கே வந்து வாயடைத்து நிற்கிறார்கள். நேரமும் ஐந்து பத்து நிமிடம்தான் கிடைக்கும்.

தனியார் மருத்துவமனை அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் போதாது. எதிரில் உட்காருகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்துகிறவர்கள். அங்கே நடப்பதைத்தான் கேட்பார்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "தடுப்பூசி வைத்திருக்கிற ஐ.எல்.ஆர். பெட்டிக்குக் கரண்ட் போய்விட்டது, என்னம்மா பண்ணுவே?" ஐ.எல்.ஆர். என்பது தடுப்பூசிகளைக் குளிரில் வைக்கும் பெட்டி. அதற்குள் இருக்க வேண்டியது இரண்டிலிருந்து எட்டு டிகிரி என்று எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அரை மதிப்பெண் கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி. மூடியைத் திறக்க மாட்டேன், வெளியில் இருந்தே வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவேன், மருத்துவ அலுவலருக்குச் சொல்வேன், எட்டு டிகிரியை நெருங்கினால் ஐஸ் பேக் வைத்த கோல்டு பாக்ஸுக்கு மாற்றுவேன், ஐஸ் பேக்கை உறைந்த நிலையில் இருந்து கொஞ்சம் இளகவிட்டுத்தான் வைப்பேன், ஏனென்றால் பென்டாவேலன்ட், டி.டி. போன்ற தடுப்பூசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும். இப்படி வரிசையாக, தான் செய்வதாகச் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்ன அந்த உறைதல் விஷயம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். வேலை தெரிந்தவர்கள் சொல்லும் பதில் அது.

இதே மாதிரி பிரசவத்தைக் கேட்பார்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடுவது, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்ப்பது, ரத்தப்போக்கைக் கவனிப்பது. பிறந்ததும் போடும் தடுப்பூசிகள், 6, 10, 14 வாரங்களில் போடுபவை விரல் நுனியில் இருக்க வேண்டும். மாநிலத் திட்டங்களில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வருடம் ஞாபகம் இருப்பதைவிட, சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை போவது எப்படி, அதில் செவிலியரின் பங்கு என்ன என்று சொல்லத் தெரிவது முக்கியம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாளில் அனுமதி கேட்டு ஒரு காலை முழுக்க நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கைடு புத்தகமும் அந்த அளவுக்கு உதவாது.

தமிழிலேயே பதில் சொல்லலாம். மருத்துவச் சொற்கள் ஆங்கிலத்தில் வந்தால் வரட்டும். தெரியாததைத் "தெரியவில்லை சார், கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்" என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். மருந்தின் அளவை ஊகித்துச் சொன்னால் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட.

ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பதினோரு மாசம் கழிச்சு என்ன பண்ணுவே?" இதற்கு "நிரந்தரம் ஆகிடும்னு நம்பிக்கை இருக்கு சார்" என்று சொன்னால், நிபந்தனையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். "ஒப்பந்தக் காலம் முழுவதும் இருப்பேன், நடுவில் விட்டுப் போக மாட்டேன். நீட்டித்தால் தொடர்வேன். எம்.ஆர்.பி.க்கும் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லட்டும். பாதியில் ஆள் போய்விடுவதுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி, அதற்குத்தான் இந்தக் கேள்வி.

தேர்வானால், பணி ஆணை கையில் வரும் வரை இப்போதைய வேலையை விடச் சொல்லாதீர்கள். தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, ஆணை வேறு. ஆணை வந்ததும் முறையாக நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் லெட்டரும் இரண்டு வருட அனுபவச் சான்றும் வாங்கிய பிறகே வெளியே வரட்டும். பி.எஃப். பிடித்திருந்தால் அந்தப் பணத்தை எடுத்துவிட வேண்டாம். யு.ஏ.என். எனப்படும் அதே பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்து, தொடர முடியுமா என்று கேட்கட்டும். புதிதாகச் சேர்கிறவருக்கு 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்பு உண்டு, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவருக்குச் சம்பளம் அதைத் தாண்டினாலும் உறுப்பினர் தகுதி போய்விடாது. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், அதனால் துண்டு துண்டான வேலைகளில் இந்தத் தொடர்ச்சிக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த வருடம் கல்யாணம் பேசுகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தப் பணியாளருக்கும் சட்டப்படி மகப்பேறு பலன் உண்டு: முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் அந்தப் பலனை மறுக்கக் கூடாது என்று டெல்லியில் ஓர் ஒப்பந்த மருத்துவரின் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

பதினோரு மாதம் முடிந்து ஓரிரு நாள் இடைவெளி விட்டு மறுபடி ஆணை தருவது வழக்கம். ஒவ்வொரு ஆணையின் நகலையும், சேர்ந்த நாள், விடுவித்த நாள் எழுதிய சான்றையும் அந்தந்த நேரத்திலேயே வாங்கி ஒரே ஃபைலில் வைக்கட்டும். அதிகாரி மாறிப்போன பிறகு பழைய அனுபவச் சான்றுக்கு அலைவது பெரும்பாடு. ஒன்பதாவது மாதத்தில் நீட்டிப்பு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் வேறு இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பம் போடட்டும். எம்.ஆர்.பி. புத்தகத்தை அதுவரை தள்ளிப்போடாமல், பணியில் சேரும் வாரத்திலேயே திறக்கச் சொல்லுங்கள்.