பைத்தானில் ஜிஐஎல்லை எடுக்க ஏன் முப்பது வருடம் ஆனது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பைத்தானில் எத்தனை த்ரெட் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடுமாம். அந்த ஜிஐஎல் பூட்டை எடுத்துவிட வேண்டியதுதானே? அதற்கு ஏன் இத்தனை வருட வாக்குவாதம்?"

(த்ரெட் என்பது ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒன்றாக ஓட விடும் வேலைகளில் ஒன்று. ஜிஐஎல் என்பது குளோபல் இன்டர்பிரெட்டர் லாக், பைத்தானை ஓட்டும் இன்டர்பிரெட்டரில் உள்ள பொதுப் பூட்டு.) இதே கோபத்தில் நானும் இருந்திருக்கிறேன். கோபம் எப்படித் தணிந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தால் பதில் சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் இரவு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். மலைபோல் குவிந்த லாக் ஃபைல்களைப் படித்து, ஒரு பெரிய டிக்ஷனரியோடு (சொல்லைக் கொடுத்தால் அதற்கான தகவலைத் தரும் பைத்தான் அட்டவணை) ஒப்பிட்டு, கணக்கு எடுக்கும். எட்டு கோர் சர்வர், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை செய்யக்கூடிய ப்ராசசர். நான் எட்டு த்ரெட் போட்டேன். நேரம் குறையவே இல்லை, சொல்லப்போனால் சில நொடிகள் கூடியிருந்தது. கோர்களின் உழைப்பைப் பட்டைகளாகக் காட்டும் எச்டாப் திறந்து பார்த்தால் எட்டுப் பட்டைகளும் முறை வைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. டீம் லீட் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்து ஒருத்தர்தான் வேலை பாக்குறாரா?" என்றார்.

சரி, த்ரெட் வேண்டாம், ப்ராசஸ் (தனித்தனி மெமரியோடு ஓடும் தனி ப்ரோக்ராம்) போடுவோம் என்று மாறினேன். அந்த டிக்ஷனரி மட்டும் மூன்று ஜிபிக்குப் பக்கம். லினக்ஸில் ஃபோர்க் செய்தால், அதாவது ஒரு ப்ராசஸிலிருந்து குழந்தை ப்ராசஸ்களைப் பிரித்தால், தாய் ப்ராசஸின் மெமரியைக் குழந்தைகள் பங்கு போட்டுக்கொள்ளும். யாராவது எழுதினால்தான் அந்த மெமரிப் பக்கத்துக்கு (மெமரியின் சின்னத் துண்டு) தனி நகல் எடுக்கப்படும். நாங்கள் டிக்ஷனரியில் எதுவும் எழுதப் போவதில்லை, வெறுமனே தேடப் போகிறோம். ஆகவே மூன்று ஜிபியும் கொஞ்சமும் போதும் என்பது என் கணக்கு. ஓட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மெமரி பட்டை ஏறிக்கொண்டே இருக்கிறது. பதினைந்து ஜிபி, பதினெட்டு, இருபது. கடைசியில் கெர்னலே ஒரு ப்ராசஸைக் கொன்றுபோட்டது. பக்கத்து சீட் பையன், கோயம்புத்தூர்க்காரன், நியாயமாகவே கேட்டான்: "படிக்க மட்டும்தானேங்கண்ணா செய்யறோம், எழுதவே இல்லியே?"

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முப்பது வருடச் சண்டையும் அடங்கியிருக்கிறது. பைத்தானில் படிப்பதும் எழுதுவதுதான்.

சிபைத்தானில், அதாவது நாம் எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்துகிற பைத்தானில், ஒவ்வொரு ஆப்ஜெக்டின் (எண், சொல், லிஸ்ட் என்று மெமரியில் இருக்கும் எதுவும்) தலையிலும் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. என்னை இப்போது எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. ரெஃபரன்ஸ் கவுண்ட் என்பது அதுதான். ஒரு வேரியபிளில் வைத்தால் ஒன்று கூடும். ஃபங்ஷனுக்குள் அனுப்பினால் கூடும், ஃபங்ஷன் முடிந்தால் குறையும். பூஜ்யம் ஆன நொடியே அந்த மெமரி விடுவிக்கப்படும். நீங்கள் டிக்ஷனரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பார்த்தாலே அதன் எண் ஒன்று ஏறி இறங்கும். அந்த எட்டு பைட் எண்ணைத் தொட்டதற்காக லினக்ஸ் 4 கேபி பக்கம் முழுவதையும் நகல் எடுத்துவிடும். என் மூன்று ஜிபியை எட்டாகப் பெருக்கியது இதுதான். (இன்ஸ்டாகிராம் போன்ற பெரிய இடங்களும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதான். பைத்தான் 3.7இல் வந்த ஜிசி ஃப்ரீஸ் வசதியும் (பயன்படாத மெமரியைத் தேடி விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் ஆப்ஜெக்டுகளைத் தொடாமல் விட வைப்பது), 3.12இல் வந்த, எண்ணிக்கையே மாறாத அழியா ஆப்ஜெக்ட் ஏற்பாடும் அங்கிருந்து புறப்பட்டவை. நமக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறதோ என்று அன்று நான் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.)

இப்போது த்ரெட்டுக்கு வருவோம். ஹாஸ்டலில் ஒரு ஸ்டடி ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்க வேண்டும். வாசலில் ஒரு சிலேட்டு. உள்ளே போனால் எண்ணை ஒன்று கூட்டி எழுது, வெளியே வந்தால் ஒன்று குறைத்து எழுது. பூஜ்யம் எழுதுகிறவர் விளக்கை அணைப்பார். ஒருவர் ஒருவராகப் போய் வந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு பேர் ஒன்றாக வெளியே வருகிறார்கள், இருவரும் சிலேட்டில் 2 என்று பார்க்கிறார்கள், இருவரும் 1 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் என்றால்? ஹாலில் யாரும் இல்லை, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இது மெமரி லீக், போனால் போகிறது. இரண்டு பேர் ஒன்றாக உள்ளே நுழையும்போது இதே குளறுபடி நடந்தால்தான் ஆபத்து. உள்ளே ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். மெமரியை ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அது வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். ப்ரோக்ராம் செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்து விழும், அல்லது விழாமல் தப்பான விடையைக் கொடுக்கும். இரண்டாவதுதான் மோசம்.

பைத்தானுக்கு த்ரெட் வந்தது 1992இல். சாதாரண மிஷினில் ஒரே ஒரு ப்ராசசர் இருந்த காலம். ஆயிரம் சிலேட்டுக்கு ஆயிரம் பூட்டு போடுவதை விட, மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே சாவி, சாவி வைத்திருப்பவர்தான் நடமாடலாம் என்று வைத்தார்கள். அதுதான் ஜிஐஎல். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனமான முடிவு என்றே சொல்வேன். ஒரே த்ரெட் ப்ரோக்ராமுக்குப் பூட்டுச் செலவு ஏறக்குறைய இல்லை. சி மொழியில் எக்ஸ்டென்ஷன் (பைத்தானோடு சேர்ந்து ஓடும் துணைப் பகுதி) எழுதுகிறவர்களுக்கும் தலைவலி இல்லை. நம்பை என்ற கணக்கு லைப்ரரி முதல் டேட்டாபேஸ் டிரைவர்கள் வரை இத்தனை சி லைப்ரரிகள் பைத்தானைச் சுற்றி வளர்ந்ததற்கு அந்த ஒற்றைச் சாவியும் ஒரு காரணம்.

எடுக்க முயற்சி செய்யாமலும் இல்லை. 1996இலேயே கிரெக் ஸ்டீன் பைத்தான் 1.4க்கு ஒரு பேட்ச் போட்டார். ஜிஐஎல் போனது, ஆனால் ஒற்றை த்ரெட் வேகம் பாதியாகிவிட்டது. 2007இல் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒற்றை த்ரெட் ப்ரோக்ராம் மெதுவாகாது என்றால் எடுத்து வாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன். 2016இல் பைத்தான் டெவலப்பர் லாரி ஹேஸ்டிங்ஸ் "கிலெக்டமி" என்று பெயர் வைத்து மறுபடி முயன்றார். எல்லா எண்களையும் அட்டாமிக் கட்டளைகளால் (இடையில் வேறு யாரும் புக முடியாத ஒரே மூச்சுக் கட்டளைகள்) கூட்டிக் குறைத்தால் எண் தப்பாது, ஆனால் கோர்கள் ஒரே கேஷ் லைனுக்காக (ப்ராசசர் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மெமரித் துண்டு) அடித்துக்கொண்டு எல்லாமே பல மடங்கு மெதுவாகும் என்பது அப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ரஸ்ட் மொழியில் ஒற்றை த்ரெட்டுக்கு ஆர்சி, பல த்ரெட்டுக்கு ஆர்க் என்று இரண்டு தனி வகைகள் வைத்திருப்பதும் இந்தச் செலவுக்குப் பயந்துதான்.

இடையில் ஜிஐஎல்லையே கொஞ்சம் நாகரிகமாக்கும் வேலையும் நடந்தது. பழைய முறையில் நூறு பைட்கோடு (பைத்தான் உள்ளே ஓட்டும் சின்னக் கட்டளை வடிவம்) கட்டளைக்கு ஒரு தடவை சாவி கைமாறும். டேவிட் பீஸ்லி 2009 வாக்கில் ஒரு சின்ன கவுண்ட்டவுன் ப்ரோக்ராமை வைத்து, இரண்டு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டினால் வரிசையாக ஓட்டுவதை விட அதிக நேரம் ஆகிறது என்று காட்டிச் சிரிக்க வைத்தார். பிறகு அந்துவான் பித்ரூ எழுதிய புது ஜிஐஎல் 3.2இல் வந்தது. கட்டளைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒருவர் 5 மில்லிசெகண்ட் காத்திருந்தால் சாவியைக் கேட்கலாம் என்ற கணக்கு அதிலிருந்துதான்.

உண்மையான திருப்பம் 2021இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) பொறியாளர் சாம் கிராஸ் கொண்டுவந்தது. அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்ட விஷயம் எளிமையானது: பெரும்பாலான ஆப்ஜெக்டுகளை உருவாக்கிய த்ரெட்டைத் தவிர வேறு யாரும் தொடுவதே இல்லை. ஆகவே சிலேட்டை இரண்டாகப் பிரித்தார். சொந்தக்காரருக்கு ஒரு சிலேட்டு, அதில் பூட்டும் இல்லை, அட்டாமிக்கும் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு பொதுச் சிலேட்டு, அதில் மட்டும் ஜாக்கிரதை. பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்து விளக்கை அணைப்பது. நன், ட்ரூ மாதிரி எல்லோரும் தொடுகிற ஆப்ஜெக்டுகளுக்கு எண்ணிக்கையே கிடையாது, அவை அழியா வரம் பெற்றவை. ஃபங்ஷன், மாட்யூல் போன்றவற்றுக்கு எண்ணிக்கையைத் தள்ளிப்போட்டு, கார்பேஜ் கலெக்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மெமரி ஒதுக்கவும் பழைய ஏற்பாட்டைத் தூக்கிவிட்டு மிமாலாக் என்ற லைப்ரரி. லிஸ்ட்டுக்கும் டிக்ஷனரிக்கும் ஆளுக்கொரு குட்டிப் பூட்டு. பாருங்கள், த்ரெட்டுக்காகக் கிளம்பிய ஆள் செய்த வேலையில் முக்கால்வாசி மெமரி வேலை.

இதுவே பெப் 703 (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கேட்டு வைக்கும் முறையான முன்மொழிவு) ஆனது. விவாதம் சூடு பிடித்ததும் இங்கேதான். என் பார்வையில் அத்தனை வாதங்களுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்வி: பில்லை யார் கட்டுவது? த்ரெட்டே தொடாமல் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதுகிற கோடிக்கணக்கான பேர், பல கோரில் ஏஐ வேலை செய்கிற சில பேருக்காக ஏன் வேகத்தை இழக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. மார்க் ஷானன் போன்றவர்கள் அப்போது இன்டர்பிரெட்டரை வேகமாக்கும் வேலையில் இருந்தார்கள். அந்த வேக வித்தைகள் ஓடும்போதே பைட்கோடைத் திருத்தி எழுதுகிறவை, பல த்ரெட் ஒன்றாக ஓடினால் அவை காலை வாரிவிடும். கிராஸின் முதல் வடிவம் வேகம் குறையாமல் இருந்ததற்கு, சம்பந்தமில்லாத வேறு சில மேம்பாடுகளையும் அவர் அதில் சேர்த்திருந்தது ஒரு காரணம். அவற்றை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் ஜிஐஎல் உள்ள பைத்தான் இன்னும் முன்னால் போகுமே என்று கேட்டார்கள். தப்பான கேள்வி இல்லை.

எதிர்க்கட்சிக்கு பலம் கொடுத்தது வன்பொருள்தான். 1996இல் இரண்டு ப்ராசசர் என்றால் பணக்கார வீட்டு விஷயம். இன்று நான் இதை அடித்துக்கொண்டிருக்கிற சாதாரண லேப்டாப்பிலேயே எட்டு கோர். கைடோவின் நிபந்தனை அவர் காலத்துக்கு நியாயம். அதையே இன்றும் பிடித்துக்கொண்டிருந்தால் ஏழு கோரைத் தூங்க வைத்துவிட்டு எட்டாவது கோரின் பத்து சதவீதத்துக்காகச் சண்டை போடுகிற கதை ஆகிவிடும். நான் எடுக்க வேண்டும் என்ற கட்சி. பெப் 703 2023 அக்டோபரில் ஏற்கப்பட்டது, சரிவராவிட்டால் திரும்பப் பெறலாம் என்ற கதவையும் திறந்து வைத்துக்கொண்டு.

பில் எவ்வளவு வந்தது? 2024 அக்டோபரில் பைத்தான் 3.13இல் ஜிஐஎல் இல்லாத வடிவம் சோதனையாக வந்தபோது ஒற்றை த்ரெட் சுமார் 40 சதவீதம் மெதுவாக இருந்தது. மேலே சொன்ன வேக வித்தையை அதில் அணைத்து வைத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் 3.14 வந்தபோது அதை த்ரெட்டுக்குப் பாதுகாப்பாக மாற்றி மறுபடி இயக்கிவிட்டார்கள், இழப்பு 5 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கியது. சோதனை என்ற முத்திரையும் போய் அதிகாரபூர்வ ஆதரவு வந்தது. மெமரியில் இன்னொரு சின்ன பில் உண்டு. 64 பிட் மிஷினில் ஆப்ஜெக்டின் தலைப்பகுதி 16 பைட்டாக இருந்தது, இரண்டு சிலேட்டு, சொந்தக்காரர் அடையாளம், குட்டிப் பூட்டு எல்லாம் சேர்ந்து 32 பைட் ஆகிவிட்டது.

இன்னும் இது தனி வடிவம்தான், கவனம். பெயரின் வாலில் ஒரு டி (t) ஒட்டியிருக்கும் பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும். நான் நிறுவி முதலில் செய்த சோதனை: ஒரு எண்ணை இரண்டு த்ரெட், ஆளுக்குப் பத்து லட்சம் தடவை ஒன்று கூட்டுவது. பழைய பைத்தானில் சரியாக இருபது லட்சம் வந்தது. டி வாலில் பதினொரு லட்சத்துச் சொச்சம். அடுத்த தடவை வேறு எண். "பாத்தீங்களா, புதுசு உடைஞ்சிருக்கு" என்று சொல்லத் தோன்றும். இல்லை. ஒன்று கூட்டுவது எந்தப் பைத்தானிலும் ஒரே மூச்சில் நடப்பது அல்ல: படி, கூட்டு, எழுது என்று மூன்று அடி. 3.10 முதல் சாவி கைமாறலாமா என்று இன்டர்பிரெட்டர் பார்ப்பது முக்கியமாக லூப் திரும்பும் இடத்திலும் ஃபங்ஷன் அழைப்பிலும்தான், அதனால் இந்த மாதிரி எளிய லூப்பில் தப்பு வெளியே தெரியாமல் இருந்தது. லாக் போடாத என் சோம்பேறித்தனத்தை இத்தனை நாள் ஜிஐஎல் மூடி மறைத்திருக்கிறது. ஜிஐஎல் காப்பது பைத்தானின் உள் கணக்கை, உங்கள் கணக்கை அல்ல. விவாதத்தில் எனக்குப் பயம் தந்த ஒரே வாதம் இதுதான், வேகம் இல்லை. இப்படி மறைந்து கிடக்கும் தப்புகள் உலகத்தில் எத்தனை ஆயிரம் ஸ்கிரிப்டில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் பழைய லாக் வேலையை ஞாபகத்திலிருந்து எழுதி ஓட்டிப் பார்த்தேன். நாலு த்ரெட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் வேகம், டிக்ஷனரி ஒன்றே ஒன்று, நகல் இல்லை. எல்லா த்ரெட்டும் ஒரே லிஸ்ட்டில் விடையைச் சேர்க்க வைத்ததும் வேகம் சரிந்தது, குட்டிப் பூட்டில் வரிசை நின்றதால். ஆளுக்கொரு லிஸ்ட் கொடுத்ததும் சரியானது.

உங்களுக்கு இது தேவையா என்றால், வெப் ரிக்வெஸ்ட், டேட்டாபேஸ் என்று காத்திருக்கிற வேலை என்றால் தேவையில்லை. காத்திருக்கும்போது ஜிஐஎல் எப்படியும் விடுவிக்கப்படும். ரூபியிலும் இப்படி ஒரு பூட்டு உண்டு, அங்கே ரெஃபரன்ஸ் கவுண்ட் இல்லை என்பதால் மெமரிக் கணக்கு மட்டுமே எல்லாப் பழிக்கும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். கோ, ஜாவா பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆப்ஜெக்டைத் தேடிப்போய்க் குறி வைக்கும் கார்பேஜ் கலெக்டர் இருந்ததால் சிலேட்டுப் பிரச்சினையே வரவில்லை. அவர்களுடைய தலைவலி வேறு.

இப்போது இருக்கும் ஆபீசில் இதைப் புரொடக்ஷனுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். ஓடியது, ஆனால் ஒரே கோரில். எரர் எதுவும் இல்லை, மேலே எங்கோ ஒரு வார்னிங் மட்டும் ஓடி மறைந்திருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் ஒரு பழைய சி பாக்கேஜ், ஜிஐஎல் இல்லாமல் நான் பிழைத்துக்கொள்வேன் என்று இன்னும் அறிவிக்கவில்லை. அப்படி ஒன்றை இம்போர்ட் செய்தால் பைத்தான் ஒரு வார்னிங்கை மட்டும் காட்டிவிட்டு ஜிஐஎல்லை மறுபடி போட்டுக்கொள்ளும். அந்த பாக்கேஜின் புது வெர்ஷன் வந்துவிட்டதா என்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். அதுவரை எட்டு ப்ராசஸ்தான்.