சோதனையில் ஒன்றுமில்லை, ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை!
வாசகர் கேள்விகளுக்கு வயிற்று நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 38. காலையில் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டால் மதியத்துக்குள் வயிறு உப்பி, உடுப்பு இறுக்கிப் பிடிக்கும். கூடவே அசதி, சில நாள் தலைவலி. சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்துவிட்டு “ஒன்றுமில்லை” என்றார் மருத்துவர். அதன்பிறகு நானே கோதுமையை நிறுத்திப் பார்த்தேன், பாதி நிம்மதி. வீட்டில் “எல்லாம் உன் பிரமை” என்கிறார்கள். அப்படித்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சோதனையில் அகப்படாததெல்லாம் பிரமை என்றால், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அத்தனை பேரும் பிரமை பிடித்தவர்கள்தான். அதற்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒரு காரியத்தைச் சரியான வரிசையில் செய்திருக்கிறீர்கள்: முதலில் சோதனை, அப்புறம் கோதுமையை நிறுத்தியது. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்துவிட்டு வருகிறார்கள். சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும் நோய். குளூட்டனை நிறுத்தினால், ரத்தப் பரிசோதனையில் தேடப்படும் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துவிடும், குடலும் தேறத் தொடங்கும். பிறகு சோதித்தால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். அதனால்தான் பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல், சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உணவு சாப்பிடச் சொல்கிறது.

சீலியாக் இல்லை. சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் என்று வருகிற கோதுமை ஒவ்வாமையும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. இவை இரண்டும் இல்லாமல் கோதுமையால் தொல்லைப்படுபவர்களுக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர், ‘சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன்’. இதை உறுதி செய்ய ஒரு சோதனையும் கிடையாது. மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு, உணவை நிறுத்தியும் மறுபடி கொடுத்தும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஆனால் பெயரில் குளூட்டன் இருப்பதாலேயே குற்றவாளி அதுதான் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தேகம் உண்டு. கோதுமையில் ஃபிரக்டான் என்றொரு மாவுச்சத்தும் இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி நம் யாரிடமும் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். காலை ரொட்டிக்கு மதியம் உப்புவது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது.

நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சீலியாக் இல்லாமல், தாங்களாகவே குளூட்டனை ஒதுக்கிய 59 பேர். ஒரு வாரம் குளூட்டன் கலந்த தானியக் கட்டி, ஒரு வாரம் ஃபிரக்டான் கலந்தது, ஒரு வாரம் இரண்டும் இல்லாதது. எந்த வாரம் எது என்று யாருக்கும் தெரியாது. ஃபிரக்டான் வாரத்தில்தான் உப்புசம் அதிகம். குளூட்டனுக்கும் வெறும் கட்டிக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் 24 பேருக்கு ஃபிரக்டானிலும், 22 பேருக்கு ஒன்றுமில்லாத கட்டியிலும், 13 பேருக்குக் குளூட்டனிலும் தொல்லை உச்சம். அந்த 22 பேர் பொய் சொல்லவில்லை. ‘இது ஒத்துக்கொள்ளாது’ என்று எதிர்பார்த்துச் சாப்பிட்டால் குடல் நிஜமாகவே இறுகும், வலிக்கும்.

நீங்கள் வீட்டிலேயே துப்பறியலாம். கோதுமை இல்லாமலே சில நாள் வெங்காயமும் பூண்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள். இரண்டிலும் ஃபிரக்டான் ஏராளம், குளூட்டன் துளியும் இல்லை. வயிறு உப்பினால் விடை பாதி கிடைத்த மாதிரி. வயிறு அடங்கிய பிறகு எதிர்ச்சோதனை: பிசைந்த கோதுமை மாவைக் குழாயடியில் பிடித்து, தண்ணீர் பால் நிறம் மாறித் தெளியும்வரை கழுவினால், கையில் ரப்பர் போல இழுபடும் ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன். ஃபிரக்டான் பெரும்பாலும் கழுநீரோடு போயிருக்கும். அந்த உருண்டையைச் சமைத்துச் சாப்பிட்டும் வயிறு பேசாமல் இருந்தால், நீங்கள் பகைத்துக்கொள்ள வேண்டியது குளூட்டனை அல்ல. சீலியாக்கும் ஒவ்வாமையும் இல்லை என்று உறுதியானவர்கள் மட்டுமே இதைச் செய்யலாம்.

ஃபிரக்டான்தான் என்று தெரிந்தால் அளவைக் குறைத்தாலே போதும். நீண்ட நேரம் புளிக்க வைத்த ரொட்டியில் அது குறைவு என்பதால் ஒத்துக்கொள்ளவும் கூடும். தலைவலிக்கு மட்டும் இதில் தெளிவான விளக்கம் இல்லை. அது தொடர்ந்தால் தனியாகக் காட்டுங்கள்.

கேள்வி: ஓர் ஆய்வுக்கூடத்தில் ‘ஐஜிஜி’ உணவு சோதனை செய்து, கோதுமை, பால், முட்டை உட்பட நீண்ட பட்டியல் கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தட்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருப்பது இயல்பு. நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் அந்தப் பட்டியல் சொல்கிறது. அதற்குப் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே இந்த வகைச் சோதனையைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

கேள்வி: சீலியாக் இல்லை, ஆனால் கோதுமை சேரவில்லை. தனிப் பாத்திரம், தனிக் கத்தி வைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அந்தக் கெடுபிடி சீலியாக் உள்ளவர்களுக்கு. தினம் ஒரு ரொட்டித் துணுக்கு உள்ளே போனாலும் அவர்கள் குடல் சேதமாகலாம். உங்களுக்கு அப்படிச் சேதம் நடப்பதாகத் தெரியவில்லை. எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து நடந்துகொண்டால் போதும். ஆனால் எடை குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை இவற்றில் எது இருந்தாலும், உணவுப் பரிசோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.