போர்க்களத்திலேயே அமைந்த வீரர் நினைவிடம் எதற்காவது போயிருக்கிறீர்களா? அந்த அனுபவம் எப்படி இருந்தது?

போயிருக்கிறேன். நாகாலாந்தின் கோஹிமாவில் உள்ள போர்க் கல்லறை.

போகும்வரை அதை ஊருக்கு வெளியே இருக்கும் அமைதியான தோட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நகரத்தின் நடுவிலேயே, வண்டிச் சத்தம் கேட்கிற ஒரு குன்றின் சரிவில், படிப்படியாக அடுக்கு வைத்து அமைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் இடையே நடந்த கோஹிமா போரில் மிகக் கொடூரமான சண்டை நடந்ததே இந்தக் குன்றில்தான். செத்தவர்களுக்கும் இங்கேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

வாசலை ஒட்டி பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷனின் நினைவுக்கல் நிற்கிறது. வீடு திரும்புகிறவர்கள் தங்களைப் பற்றி ஊரில் சொல்ல வேண்டும், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று இறந்தவர்களே கேட்டுக்கொள்வதுபோல் அதில் எழுதியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே படம் எடுக்கிறார்கள், பலர் அதோடு திரும்பியும் விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொஞ்சம் மேலே ஏறுங்கள்.

மேலே ஒரு டென்னிஸ் மைதானத்தின் எல்லைகளை வெள்ளைக் கோடுகளாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். அன்று அது துணை ஆணையர் பங்களாவின் மைதானம். ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை. நடுவில் இருந்தது அந்த மைதானம் மட்டுமே. துப்பாக்கிக்குக்கூட அவசியமில்லாத தூரம் என்பதால் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோடு வரை எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம்தான் வந்தது. வாரக்கணக்கில் நீண்ட அந்தச் சண்டை, மே 13 அன்று டாங்கி ஒன்றைச் சரிவில் இறக்கிச் சுட்ட பிறகுதான் அங்கே முடிந்தது. அந்த முப்பத்துச் சொச்சம் இன்றைக்கும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

பக்கத்திலேயே ஒரு செர்ரி மரம். ஜப்பானிய வீரர்கள் மறைந்திருந்து சுட்ட மரம் போரில் அழிந்துபோக, மிஞ்சிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது இது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

இங்கே 1,420 கல்லறைகள். தாழ்வான கற்களில் வெண்கலப் பட்டயம் பதித்து, பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். சிலவற்றில் வீட்டார் எழுதிய ஒரு வரியும் உண்டு. நான் போன காலையில் ஒரு தோட்டக்காரர் குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒவ்வொரு பட்டயமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்தின் இடுக்கில் இருந்த மண்ணை நகத்தால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போனார். அவரைப் பார்த்த பிறகு என்னால் வேகமாக நடக்க முடியவில்லை. நானும் ஒவ்வொன்றாகப் படித்தேன். இருபது, இருபத்தொன்று என்று வயதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது.

ஆனால் என்னை அசைத்தது குன்றின் உச்சிதான். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. தகனம் செய்ததால் கல்லறை இல்லை, பெயர் மட்டும்தான். கீழே அவ்வளவு கூட்டம், மேலே நான் மட்டும். இந்தியர்களாகிய நாம் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்கள் பெயர் இந்தக் குன்றில் கிடையாது. அவர்களுக்காக மணிப்பூரின் மொய்ராங் வரை போக வேண்டும், அங்கே இந்திய தேசிய ராணுவத்துக்கு நினைவிடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்ப்பதுதான் நியாயம் என்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் திமாபூர் வரை போய், அங்கிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். நாகாலாந்துக்குள் நுழைய நமக்கும் உள்நுழைவு அனுமதி தேவை, முன்பே வாங்கிவிடுங்கள். அப்புறம், கல்லறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உச்சிவரை ஏறி, அந்த 917 பெயர்களில் சிலவற்றையாவது நின்று படிக்க நேரம் வேண்டும்.