வெளியூர் மிருதங்கமும் இழுக்கும் காலமும்: கேள்வி பதில்

இணையவழி சேர்ந்து வாசிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. நான் மிருதங்கக்காரன். வெளியூர் நண்பர்களோடு ஒத்திகை எல்லாம் சில வருடங்களாக இப்படித்தான்.

ஜூமில் நானும் தோழியும் வாசித்தால் அனுபல்லவி வருவதற்குள் காலம் (பாட்டின் வேகம்) இழுத்துவிடுகிறது. தப்பு எங்களுடையதா? (வயலின் மாணவி)

இல்லை. காற்றில் சத்தம் ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய ஓர் அடி போகும். 25 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் பக்கவாத்தியக்காரர் 28 அடி தள்ளி உட்கார்ந்த மாதிரி. அதுவரை சமாளிக்கலாம். வீடியோ கால் செயலிகளில் தாமதம் சாதாரணமாக 100-ஐத் தாண்டும். அது சபா வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். அவர் தட்டும் சொல்லுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள், உங்கள் வில்லுக்காக அவர் காத்திருக்கிறார். காலம் இழுக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும் இரைச்சல் நீக்கி வேறு.

அப்படியானால் எந்த மென்பொருள்?

இரண்டு மூன்று பேர் என்றால் சோனோபஸ். ஒருவர் ஒலி மற்றவருக்கு நேராகப் போகும், மொபைலிலும் ஓடும். ஆள் கூடினால் ஜாமுலஸ். எல்லோர் ஒலியும் ஒரு சர்வரில் கலந்து திரும்பி வரும். இரண்டும் இலவசம். ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ஜாக்ட்ரிப் ஒலியைச் சுருக்காமலே அனுப்பும், ஆனால் இணைப்பு நன்றாக இருக்க வேண்டும்.

ஜாமுலஸில் என் வாசிப்பே எனக்குத் தாமதமாகக் கேட்டு எரிச்சலாக இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) டைரக்ட் மானிட்டரை, அதாவது என் ஒலியை நேராக எனக்கே கேட்கவைக்கும் வசதியை, போட்டுக்கொண்டேன். சரிதானே, சார்?

அதுதான் சார் வினை! உடனே அணைத்துவிடுங்கள். மற்றவர்கள் ஒலி சர்வர் சுற்றி வருகிறது. உங்கள் ஒலி மட்டும் அந்தக் கணமே காதில் விழுகிறது. இரண்டையும் ஒட்டவைத்து வாசித்தால் உங்களுக்குச் சுகமாக இருக்கும், மற்ற எல்லோருக்கும் நீங்கள் பின்தங்கியே கேட்பீர்கள். உங்கள் ஒலியையும் சர்வரிலிருந்து வருவதாகவே கேளுங்கள். பத்து நிமிடத்தில் கை தானாக ஒரு மயிரிழை முந்திக்கொள்ளும். எனக்குத் தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) சத்தம் நேரிலேயே காதில் விழுந்து குழப்பியது. காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்கிய பிறகுதான் தீர்ந்தது. பாடுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம், சொந்தக் குரல் மண்டைக்குள்ளேயே கேட்கும்.

வைஃபை போதுமா?

போதாது. வேகம் இருக்கும், சீராக இருக்காது, நடுநடுவே கிரீச்சிடும். ஈதர்நெட் கேபிள் போடுங்கள். புளூடூத் ஹெட்போன் பக்கமே போகாதீர்கள். பஃபரை (கணினி ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் அளவு) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள்: விநாடிக்கு 48,000 சாம்பிளில் அது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஒலி வெடித்தால் 256.

மகன் டொராண்டோவில் பாடுகிறான், நான் சென்னையில் வீணை. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, வழி சொல்லுங்கள்.

காசு போட்டு வாங்க முடியாத விஷயம், அம்மா. ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் போனாலே ஒரு பக்கத்துக்கு 60 மில்லிசெகண்டுக்கு மேல். கேபிளோ கடலுக்குள் சுற்றிச் சுற்றிப் போகிறது.

நின்ஜாம் என்று ஒரு மென்பொருள் உண்டு. அது தாமதத்தோடு மல்லுக்கட்டாமல், அதை முழுசாக ஓர் ஆவர்த்தனமாகவே (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நீட்டிவிடும். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை வையுங்கள். மகன் போன ஆவர்த்தனத்தில் பாடியது இந்த ஆவர்த்தனத்தில் தாளம் பிசகாமல் உங்களுக்குக் கேட்கும். ஒரே ராகத்தில் ஸ்வரம் பாடி விளையாட ஜோர். கீர்த்தனைக்கு உதவாது: அவன் அடுத்த வரிக்குப் போயிருப்பான், நீங்கள் முந்தின வரியில் இருப்பீர்கள். கீர்த்தனை என்றால் அவன் சுருதிப்பெட்டியோடு பாடிப் பதிவு அனுப்பட்டும். நீங்கள் அதன் மேல் வாசித்துத் திருப்பி அனுப்புங்கள்.